மூன்றாவது பெடலின் வழக்கு

கார் பித்துப் பிடித்தவர்கள் இருவர் சந்தித்துக்கொண்டால் முதலில் மைலேஜைப் பற்றிப் பேசுவார்கள். அதன்பிறகு பேச்சு எந்தத் திசையில் போனாலும் கடைசியில் கியரில் வந்து நிற்கும். மேனுவலா, ஆட்டோமேட்டிக்கா என்ற அந்த வழக்குக்கு இதுவரை யாரும் தீர்ப்பு எழுதியதில்லை. மேனுவல் கட்சியினரைக் கேட்டால், ஆட்டோமேட்டிக் என்பது ஓட்டத் தெரியாதவர்களுக்காகச் செய்த வண்டி என்பார்கள். எதிர்க்கட்சியினரைக் கேட்டால், மேனுவல் என்பது இடது முழங்காலைக் காவு கொடுக்கும் வீம்பு என்பார்கள். நான் இரண்டையும் அன்றாடம் ஓட்டுகிறவன். வீட்டில் ஐந்து கியர் கொண்ட பழைய டீசல் வண்டி ஒன்றும், மனைவியின் பெயரில் வாங்கி நானே அதிகம் ஓட்டும் ஆட்டோமேட்டிக் ஒன்றும் நிற்கின்றன. இந்த வழக்கில் எனக்கு இருக்கும் மனக்குறை, இரு தரப்பும் திறமையையும் சோம்பலையும் பற்றியே வாதாடுகின்றன என்பதுதான். அடுத்த கியர் எது என்று முடிவெடுப்பது யார், அந்த முடிவு எந்தக் கணத்தில் எடுக்கப்படுகிறது என்பதைக் கேட்டால் பாதி வாதங்கள் தானாகவே அடங்கிவிடும்.

மேனுவல் ஓட்டுவதில் ஒரு கௌரவம் ஒட்டிக்கொண்டிருப்பதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. அம்பாசிடரின் பழைய நான்கு கியர் பெட்டியில் முதல் கியருக்கு சிங்க்ரோமெஷ் கிடையாது. அதாவது, சுழலும் இரண்டு பற்சக்கரங்களின் வேகத்தை ஒன்றுக்கொன்று இசைவாக்கிக் கோத்துவிடும் அந்தச் சிறு வளைய அமைப்பு இரண்டாம் கியரிலிருந்துதான் தொடங்கியது. வண்டி முழுமையாக நிற்காமல் முதல் கியருக்கு இறங்க வேண்டுமானால் டபுள் கிளட்ச் போட வேண்டும்: கிளட்சை அழுத்தி நியூட்ரலுக்கு வந்து, கிளட்சை விட்டு, ஆக்சிலேட்டரை ஒரு தட்டுத் தட்டி, மறுபடி கிளட்சை அழுத்திக் கியரைத் தள்ள வேண்டும். இத்தனையும் ஸ்டீயரிங் தண்டில் முளைத்திருக்கும் கம்பியைக் கொண்டு, ஏற்றத்தில், பின்னால் லாரி ஹாரன் அடித்துக்கொண்டிருக்கையில் நடக்க வேண்டும். என் பெரியப்பா அப்படி ஒரு வண்டியில்தான் எங்கள் தலைமுறைக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தார். பல் அரைபடும் சத்தம் ஒருமுறை கேட்டால் போதும், "எறங்குடா" என்று ஒரே வார்த்தையில் அன்றைய பாடத்தை முடித்துவிடுவார். இப்படிக் கற்ற ஒரு தலைமுறைக்குக் கியர் போடுவது கைத்தொழிலாகவே இருந்ததால், அதைக் கருவியிடம் ஒப்படைப்பது இழுக்காகத் தோன்றியதில் வியப்பில்லை. ஆனால் இன்றைய வண்டிகளில் எல்லா முன்கியர்களுக்கும் சிங்க்ரோமெஷ் உண்டு. இரண்டு வாரப் பயிற்சியில் எவரும் கற்றுக்கொள்ளக்கூடிய ஒன்றுக்குப் பெரியப்பா காலத்துக் கௌரவத்தைக் கோருவது கொஞ்சம் அதிகம்.

இன்ஜினையும் கியர் பெட்டியையும் உராய்வால் இணைத்துப் பிரிக்கும் கிளட்ச் என்னும் பொருளைக் கையில் எடுத்துப் பார்த்தவர்கள் குறைவு. கோவையில் நான் வழக்கமாகப் போகும் பட்டறையில், அலுவலகம் போய்வரும் ஒருவருடைய வண்டியின் கிளட்ச் செட்டைக் கழற்றி ஒரு சாக்கின் மேல் போட்டிருந்தார்கள். புதிய பிளேட்டில் உராயும் பரப்பு சொரசொரப்பாக, ஆழமான வரிகளோடு இருக்கும். இதில் வரிகள் மறைந்து, ரிவெட்டுகளின் தலை வெளியே எட்டிப் பார்த்தது. அதை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டின் எஃகு, சூடுபட்ட இடங்களில் திட்டுத்திட்டாக நீலம் பாய்ந்து கிடந்தது. "பாருங்க சார், கண்ணாடியாட்டம் ஆயிருச்சுங்க. கிளட்சு மேல இருந்து காலையே எடுக்க மாட்டாருங்க போல" என்றார் மெக்கானிக். அந்த மனிதர் மேல் எனக்குப் பெரிய குற்றச்சாட்டு எதுவும் இல்லை. அவிநாசி சாலையில் மாலை ஆறு மணிக்கு வண்டியை அடி அடியாக நகர்த்துகிறவர் பிளேட் நழுவி உராய்ந்துகொண்டிருக்க, பெடலைப் பாதி மிதித்து ஹாஃப் கிளட்சில் நிற்காமல் வேறு என்ன செய்வார்? பட்டறையில் இருந்தவர்கள் எல்லாரும் அவர் ஆட்டோமேட்டிக் வாங்கியிருக்க வேண்டும் என்று ஒருமித்துச் சொன்னார்கள். எந்த ஆட்டோமேட்டிக் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை.

இங்குதான் விவாதம் வழக்கமாகத் தடம் புரள்கிறது. ஷோரூமில் "ஆட்டோமேட்டிக்" என்ற ஒரே பெயரில் விற்கப்படுபவை உள்ளே வெவ்வேறு இயந்திரங்கள். ஒன்றின் குறை மற்றொன்றில் இராது. நம் நாட்டில் நடுத்தரக் குடும்பங்களுக்கு ஆட்டோமேட்டிக்கை அறிமுகம் செய்தது ஏஎம்டி. 2014-இல் மாருதி செலேரியோவில் அது வந்தபோது, மேனுவலைவிடச் சில பத்தாயிரம் ரூபாய் கூடுதலாகக் கொடுத்தால் கிளட்ச் பெடல் இல்லாத வண்டி கிடைத்தது. உள்ளே இருப்பது அதே மேனுவல் கியர் பெட்டி, அதே ஒற்றை உலர் கிளட்ச் பிளேட். நம் காலும் கையும் செய்யும் வேலையை ஒரு மோட்டாரோ ஹைட்ராலிக் அமைப்போ செய்கிறது, அவ்வளவுதான். பட்டறையில் பார்த்த அந்த மனிதர் ஏஎம்டி வாங்கி, மேம்பாலத்தின் ஏற்றத்தில் பிரேக்கைத் தொடாமல் ஆக்சிலேட்டரை லேசாக அழுத்தியே வண்டியைப் பின்னால் உருளாமல் நிறுத்திவைக்கப் பழகினால், அதே நீலத் திட்டுகளை இன்னொரு பிளேட்டிலும் பார்க்கலாம்.

ஏஎம்டியைப் பற்றிய பெரிய புகார் அதன் தலையாட்டல். கியர் மாறும் கணத்தில் இழுவை அறுந்து, உடம்பு முன்னால் சாய்ந்து, மறுபடி இழுவை வந்ததும் பின்னால் போகிறது. மேனுவலிலும் இழுவை இதே அளவு அறுகிறது என்பதைப் புகார் சொல்பவர்கள் கவனிப்பதில்லை. மேனுவலில் கிளட்சை மிதிப்பது நம் கால் என்பதால் கழுத்துக்கு முன்கூட்டியே செய்தி போய்விடுகிறது. ஏஎம்டியில் அது சொல்லாமல் கொள்ளாமல் நிகழ்கிறது. ஆகவே இந்த வகை வண்டியை ஓட்டுகிறவர்கள், மாற்றம் வரப்போகிறது என்று இன்ஜின் சத்தத்தில் தெரிந்ததும் வலது காலைச் சற்றே தளர்த்தும் பழக்கத்துக்கு வந்துவிடுகிறார்கள். தலையாட்டல் பாதியாகக் குறைந்துவிடும். ஆட்டோமேட்டிக்கிலும் கியர் மாற்றத்தை எதிர்பார்த்து ஓட்ட வேண்டியிருப்பது மேனுவல் கட்சியினருக்கு ஆறுதலாக இருக்கலாம்.

சிவிடி இதற்கு நேர் எதிரான குணம் உடையது. அதில் கியர்ப் படிகளே இல்லை. அகலம் மாறும் இரண்டு கப்பிகளுக்கு நடுவே ஒரு பட்டை ஓடி, விகிதத்தை இடைவிடாமல் மாற்றிக்கொண்டே இருக்கிறது. ஹாலந்தின் டாஃப் நிறுவனம் 1958-இல் ரப்பர் பட்டையோடு காட்சிக்கு வைத்த சிறிய காரின் வழித்தோன்றல் இது. இன்று கார்களில் பட்டை எஃகால் ஆனது. நகர நெரிசலில் இவ்வளவு வழுக்கிச் செல்லும் வேறொரு கியர் பெட்டியை நான் ஓட்டியதில்லை, மைலேஜும் நன்றாகவே வரும். ஆனால் நெடுஞ்சாலையில் ஓவர்டேக் செய்ய ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்தால், இன்ஜின் உடனே உச்சஸ்தாயிக்குப் போய் அங்கேயே நின்று கத்த, வண்டியின் வேகம் பின்னாலிருந்து சாவகாசமாக ஏறி வரும். ஆர்வலர்கள் இதைத்தான் ரப்பர் பேண்ட் எஃபெக்ட் என்று திட்டுகிறார்கள். அந்தத் திட்டுக்குப் பயந்து நிறுவனங்கள் படிகளே இல்லாத இயந்திரத்துக்கு மென்பொருளால் ஏழு படி, எட்டுப் படி என்று பாவனை செய்யத் தொடங்கின. இயந்திரம் தன் இயல்பில் சரியாகத்தான் இயங்குகிறது. சத்தமும் வேகமும் ஒன்றாக ஏற வேண்டும் என்று பழகிப்போன நம் காதுக்காகத்தான் இந்த நாடகம்.

டிசிடி என்னும் இரட்டைக் கிளட்ச் பெட்டியைப் பற்றிப் பேசினால் கார் ஆர்வலர்களின் குரல் மாறிவிடும். ஒற்றைப்படைக் கியர்களுக்கு ஒரு கிளட்ச், இரட்டைப்படைக் கியர்களுக்கு ஒரு கிளட்ச். மூன்றில் ஓடும்போதே நான்கு மறுபக்கம் தயாராகக் கோக்கப்பட்டுக் காத்திருக்கும். 2003-இல் ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் ஆர்32 வழியாகச் சாலைக்கு வந்த இந்த அமைப்பு, கியர் மாற்றும் வேகத்தில் எந்த மனிதக் காலையும் கையையும் தோற்கடித்துவிடும். ஆனால் சிறிய கார்களில் வரும் ஏழு கியர் டிசிடிகள் பலவற்றில் கிளட்சுகள் உலர் வகை. எண்ணெயில் குளிரும் வகையைப் போல அவை சூட்டை எளிதில் வெளியேற்றுவதில்லை. நெரிசலில் ஊரும்போது கிளட்ச் நழுவிக்கொண்டே இருப்பதால் வெப்பம் ஏறும். மே மாதத்து மதியத்தில் நம் ஊர்களில் அது எங்கே போய் நிற்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. முன்னால் போகும் வண்டி இரண்டடி நகரும்போதெல்லாம் தானும் இரண்டடி நகராமல், ஒரு கார் நீளத்துக்கு இடைவெளி விழும்வரை பிரேக்கில் நின்று, பிறகு ஒரே மூச்சாகப் போவதுதான் இந்தப் பெட்டிக்கு உகந்தது. அந்த இடைவெளியில் ஓர் ஆட்டோ வந்து நுழையும், நுழையட்டும்.

எஞ்சியது டார்க் கன்வெர்ட்டர். இன்ஜினுக்கும் சக்கரத்துக்கும் நடுவே உராயும் பிளேட்டுக்குப் பதிலாக எண்ணெய் சுழன்று விசையைக் கடத்துகிறது. எண்ணெய் வழியே விசை கடத்தும் ஆட்டோமேட்டிக்கை ஜெனரல் மோட்டார்ஸ் 1939-இலேயே ஹைட்ரா-மேட்டிக் என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்துவிட்டது. நாள் முழுக்க நெரிசலில் ஊர்ந்தாலும் இதில் தேய்ந்து தீருவதற்குக் கிளட்ச் பிளேட் கிடையாது. பழைய பெட்டிகளில் பெட்ரோல் குடிக்கும் கெட்ட பெயர் இருந்தது. குறிப்பிட்ட வேகத்தில் எண்ணெயை ஓரங்கட்டி நேரடியாகப் பிணைத்துவிடும் லாக்-அப் கிளட்ச்சும் கூடுதல் கியர்களும் அதைப் பெருமளவு சரிசெய்துவிட்டன. அவிநாசி சாலை மனிதருக்கு நான் சிபாரிசு செய்வது இதைத்தான். சொல்லிக்கொள்ளப் பரபரப்பான எதுவும் இதில் இல்லை என்பதால் இணையத்தில் இதற்காக வாளெடுத்துச் சண்டை போடுபவர்கள் குறைவு.

இவ்வளவு சொன்ன பிறகு நான் ஆட்டோமேட்டிக் கட்சியில் சேர்ந்துவிட்டதாகத் தோன்றலாம். மலைச் சாலைக்கு வந்தால் என் வாக்கு மாறும். கொல்லிமலைக்குக் காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். என்னுடைய பழைய வண்டியில் இருப்பது 1248 சிசி மல்டிஜெட் டீசல் இன்ஜின். ஃபியட் வடிவமைத்து, மாருதி, டாடா என்று பலரும் தங்கள் கார்களில் பொருத்தியது. 190 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையை நிமிடத்துக்கு 2000 சுழற்சியில் தரும், ஆனால் அதற்குக் கீழே, இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ விழித்துக்கொள்ளும்வரை வண்டியில் உயிரே இராது. வளைவுக்குள் மூன்றாம் கியரில் நுழைந்துவிட்டு, பாதித் திருப்பத்தில் சுழற்சி சரிந்து, ஆக்சிலேட்டரை எவ்வளவு மிதித்தாலும் வண்டி திணறுவதை இந்த இன்ஜினை ஓட்டிய எல்லாரும் அனுபவித்திருப்பார்கள். ஆகவே வளைவு தொடங்குவதற்கு முன்பே, நேர்ச்சாலையின் கடைசிச் சில மீட்டரில், இரண்டாம் கியருக்கு வந்துவிட வேண்டும். அந்த நொடியில் இன்ஜினுக்கு இரண்டாம் கியர் தேவையே இல்லை. அது நிம்மதியாகத்தான் ஓடிக்கொண்டிருக்கும். எனக்கு மட்டும் தெரியும், இன்னும் மூன்று நொடியில் சாலை மடங்கி ஏறப்போகிறது என்று.

ஆட்டோமேட்டிக்கின் கணினிக்கு அந்த மூன்று நொடி கிடையாது. வேகம், ஆக்சிலேட்டரின் நிலை, சரிவின் கோணம் என்று நடந்துகொண்டிருப்பவற்றை அது அறியும். பெரும்பாலான வண்டிகளில் வரப்போகும் வளைவு அதன் கண்ணில் படாது. வண்டி திணறத் தொடங்கிய பிறகே அது கியரைக் குறைக்கும், அதுவும் சில சமயம் வளைவின் நட்ட நடுவில், டயர்கள் ஏற்கெனவே பக்கவாட்டுப் பாரத்தைத் தாங்கிக்கொண்டிருக்கும்போது. நல்ல பெட்டிகளில் இந்தத் தாமதம் மிகச் சிறியதுதான். இருந்தாலும் மேனுவல் ஓட்டுகிறவர் "வண்டி என் கையில் இருக்கிறது" என்று சொல்லும்போது அவர் உண்மையில் குறிப்பிடுவது இந்த மூன்று நொடி முன்னறிவையே என்று நினைக்கிறேன்.

இறக்கத்தில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டி மலைப்பாதையின் 36 வளைவுகளில் நிகழ்ந்த விபத்துகளுக்குப் பிறகு, அந்தப் பாதையில் சுற்றுலா வண்டிகள் இறங்குவதற்கே தடை வந்தது. பிரேக்கையே நம்பி உயர் கியரில் இறங்குகிறவர்களின் பிரேக் பேடுகள் சூடேறி, கருகிய வாடை அடித்து, பெடல் இருந்தும் இல்லாததுபோல் ஆகிவிடும். ஏறும்போது எந்தக் கியரோ இறங்கும்போதும் அதே கியர் என்ற பழைய விதி இன்றும் செல்லும். ஆட்டோமேட்டிக்கில் இதைச் செய்ய முடியாது என்பது பொய்; கியர்க் கம்பியை எல் நிலைக்கோ எம் நிலைக்கோ நகர்த்தினால் பெரும்பாலான பெட்டிகள் குறைந்த கியரைப் பிடித்துக்கொள்ளும். சோகம் என்னவென்றால், பல உரிமையாளர்கள் வண்டி வாங்கிய நாளிலிருந்து வழக்கமாக ஓட்டும் டி நிலையைத் தாண்டி அந்தக் கம்பியைத் தொட்டதே இல்லை.

இன்னொரு கூட்டம் மைலேஜுக்காக நியூட்ரலில் உருட்டிக்கொண்டு இறங்கும். கார்புரேட்டர் காலத்தில் அந்தக் கணக்கில் ஏதோ கொஞ்சம் நியாயம் இருந்தது. இன்றைய இன்ஜின், கியரில் இருக்கும்போது ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் எரிபொருளை அடியோடு நிறுத்திவிடுகிறது. சக்கரங்களே அதைச் சுழற்றுகின்றன. நியூட்ரலில் போட்டால்தான், அணைந்துவிடாமல் இருக்க அது எரிபொருளைக் குடிக்க வேண்டியிருக்கிறது. உயிரையும் பணயம் வைத்து டீசலையும் செலவழிக்கும் இந்தச் சிக்கனத்தை விட்டுவிடச் சொல்லி நான் வாதாடாத உறவினர் இல்லை.

மேனுவல் கட்சியினர் சங்கடத்தோடு ஒப்புக்கொள்ள வேண்டிய ஒன்றும் உண்டு. அவர்கள் புகழும் மேனுவல் இன்றைய ஷோரூமில் அப்படியே கிடைப்பதில்லை. ஆக்சிலேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவே கேபிள் போய்க் கணினி வந்துவிட்டதால், காலை எடுத்தாலும் இன்ஜினின் சுழற்சி உடனே விழாமல் ஒரு கணம் தொங்கிக்கொண்டு நிற்கிறது. எரியாத எரிபொருள் புகைக்குழாய்க்குப் போகாமலிருக்க, காற்றுவழியை மெதுவாக மூடுவது இதற்கு ஒரு காரணம். ரெவ் ஹேங் என்று ஆர்வலர்கள் சலித்துக்கொள்வது இதைத்தான். பழைய வண்டியில் எனக்கு இயல்பாக வரும் முதலிலிருந்து இரண்டாம் கியர் மாற்றம், நண்பரின் புதிய பெட்ரோல் வண்டியில் ஒரு சிறு குலுக்கலோடுதான் வருகிறது. மைலேஜுக்காக இரண்டாம் கியரையும் மூன்றாம் கியரையும் நீட்டிவைப்பதும், மலிவு வண்டிகளில் கியர்க் கம்பி ரப்பரில் குத்தியதுபோல் தளர்ந்திருப்பதும் வேறு. ஹூண்டாய் 2020-இல் வெனியூ காரில் கொண்டுவந்த ஐஎம்டி, கியர்க் கம்பியை வைத்துக்கொண்டு கிளட்ச் பெடலை மட்டும் எடுத்துவிட்ட ஒரு சமரசம். ஐ20 N லைன் காரிலும் அதைக் கொடுத்துப் பார்த்துவிட்டு 2023-இல் மூன்று பெடல் மேனுவலுக்கே திரும்பினார்கள். ஆர்வலர்களுக்கென்று சொல்லி விற்கும் வண்டியில் பாதி மேனுவல் எடுபடவில்லை என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன்.

பந்தயத் தடத்தில் வேகம்தான் முக்கியம் என்றால் இந்த வழக்கு எப்போதோ முடிந்திருக்கும். போர்ஷே 2013-இல் 911 ஜிடி3-ஐ இரட்டைக் கிளட்ச் பெட்டியோடு மட்டுமே வெளியிட்டது. அது முந்தைய மேனுவலைவிட வேகமானது, யாரும் மறுக்கவில்லை. ஆனாலும் வாடிக்கையாளர்கள் முணுமுணுத்தார்கள். 2016-இல் ஆறு கியர் மேனுவலோடு 911 ஆர் என்ற பெயரில் 991 வண்டிகளை மட்டும் செய்தபோது, மறுவிற்பனையில் அவை பட்டியல் விலையைவிட மிக அதிக விலைக்குப் போயின. 2017-இல் ஜிடி3-இலும் மேனுவல் திரும்பி வந்தது. மெதுவான கியர் பெட்டிக்கு அதிகப் பணம் கொடுப்பவர்கள், முடிவெடுக்கும் உரிமையைத்தான் விலைக்கு வாங்குகிறார்கள்.

மின்சாரக் கார்கள் வந்ததும் இந்தச் சண்டைக்கே வேலை இராது என்றார்கள். கியர் மாற்றமே இல்லாத, ஒரே விகிதத்தில் ஓடும் வண்டியில் எதைப் பற்றிச் சண்டை போடுவது? ஹூண்டாய் 2023-இல் அயோனிக் 5 N காரில் எட்டு கியர் இரட்டைக் கிளட்ச் பெட்டியைப் போலப் பாவனை செய்யும் வசதியை வைத்து அதற்கும் வழி செய்துவிட்டது. ஸ்டீயரிங்கின் பின்னால் உள்ள தகட்டைத் தட்டினால் இல்லாத கியர் மாறி, இல்லாத இன்ஜினின் சத்தம் ஏறி இறங்குகிறது. ஓட்டியவர்கள் மிக உற்சாகமாக எழுதியிருக்கிறார்கள். எனக்கு அதில் ஈர்ப்பு வரவில்லை, ஏனென்றால் அந்தக் கியரைத் தவறாகப் போட்டால் நேரும் திணறலும் திட்டமிட்டு எழுதிவைத்த பாவனைதான்.

என்னைக் கவர்ந்தது வேறொன்று. நெக்ஸான் இவி உள்ளிட்ட சில மின்சாரக் கார்களில் அதே இடத்தில் இருக்கும் தகடுகள், காலை எடுத்ததும் மோட்டார் எவ்வளவு வலுவாக வண்டியைப் பிடித்து நிறுத்திப் பேட்டரிக்கு மின்சாரம் திருப்ப வேண்டும் என்பதை மாற்றுகின்றன. வளைவு வருவதற்கு முன் ஒரு தட்டு, வண்டி அடங்குகிறது. வளைவு முடிந்ததும் மறுபக்கம் ஒரு தட்டு, விடுபடுகிறது. மூன்று நொடி முன்னறிவு இங்கே மீண்டும் ஓட்டுநரின் விரலுக்கு வந்துவிட்டது. மேனுவல் கட்சியினர் இதைப் பழகிப் பார்க்கலாம். ஒரு எச்சரிக்கை: பேட்டரி நிறைந்திருந்தால் திரும்பி வரும் மின்சாரத்துக்கு இடம் இராது, அந்தப் பிடிப்பும் தளர்ந்துவிடும். எனவே மலை உச்சியில் விடுதி எடுத்து இரவெல்லாம் சார்ஜ் போடுகிறவர்கள், காலையில் இறங்கப்போவதை நினைத்து எண்பது சதவீதத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது.